ஐந்து வருடமா, பத்து வருடமா? பிரிட்டன் ஐ.எல்.ஆர். விவாதமும் பாதி வழியில் நிற்பவர்களும்

கேள்வி இதுதான்: "2022-ல் ஸ்கில்ட் வொர்க்கர் (திறன் பணியாளர்) விசாவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பிரிட்டன் வந்தோம். ஐந்து வருடத்தில் ஐ.எல்.ஆர். (Indefinite Leave to Remain, நிரந்தரமாகத் தங்கும் உரிமை) என்றார்கள். இப்போது பத்து என்கிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கும் இது பொருந்துமா? இதில் ஏன் இத்தனை சண்டை? நாங்கள் என்ன செய்து வைத்துக்கொள்ளலாம்?"

2025 நவம்பர் 20-ல் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வெளியிட்ட ஆலோசனை ஆவணத்தின்படி, பொருந்தும். ஐ.எல்.ஆர். வாங்கிவிட்டவர்களை அது தொடவில்லை. நாட்டுக்குள் இருந்தும் இன்னும் வாங்காதவர்கள், நான்கரை வருடம் முடித்தவர்கள் உட்பட, புதிய கணக்குக்குள் வருவார்கள் என்பதே அரசின் முன்மொழிவு. அவர்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு தரலாமா என்பதைக் கேள்வியாக மட்டும் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். அந்தக் கருத்துக்கேட்பு 2026 பிப்ரவரி 12-ல் முடிந்தது. மொத்த விவாதத்திலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு புள்ளிதான். எத்தனை வருடம் என்று முடிவு செய்யும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. ஆனால் ஒரு கணக்கைச் சொல்லி ஆளை வரவழைத்து, வேலை வாங்கி, வரியும் கட்டணமும் வாங்கிக்கொண்டு, நான்காவது வருடத்தில் கணக்கையே மாற்றுவது நியாயம் இல்லை.

ஐ.எல்.ஆர். குடியுரிமை கிடையாது, காலக்கெடு இல்லாமல் தங்கும் உரிமை. அது கிடைத்தால் ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி) தேவையில்லை, எந்த வேலையும் பார்க்கலாம், வருடாந்திர மருத்துவக் கட்டணம் நின்றுபோகும், அரசு உதவித்தொகைகளுக்கான தடை நீங்கும். அதற்குப் பிறகு பிரிட்டனில் பிறக்கும் குழந்தை பிறக்கும்போதே பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிடும். தொடர்ந்து இரண்டு வருடம் நாட்டுக்கு வெளியே இருந்தால் இந்த உரிமை போய்விடும். பொதுவாக ஐ.எல்.ஆர். வாங்கி ஒரு வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

வருடக் கணக்கை மாற்றுவது இது முதல் தடவை அல்ல. 2006 ஏப்ரல் வரை நான்கு வருடம்தான் இருந்தது. ஒரே இரவில் ஐந்தாக்கினார்கள். அப்போது ஹெச்.எஸ்.எம்.பி. என்ற உயர்திறன் விசாவில் ஏராளமான இந்தியர்கள் வந்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்த விசாவைப் புதுப்பிக்கும் தகுதிகளையும் மாற்றி, ஏற்கெனவே வந்தவர்கள் மீதும் சுமத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டு வழக்குப் போட்டார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் புதுப்பிக்கும் தகுதி மாற்றம் அவர்களுக்குச் செல்லாது என்றது. 2009-ல் இரண்டாவது வழக்கில் நான்கு வருடம் ஐந்தானதும் அவர்களுக்குச் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்புகளைக் காட்டி "இப்போதும் வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம்" என்று பலர் சொல்கிறார்கள். அவ்வளவு எளிதில்லை. ஹெச்.எஸ்.எம்.பி. வழிகாட்டியிலேயே, திட்டம் மாறினாலும் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் நான்கு வருடத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்ற உறுதி எழுத்தில் இருந்தது. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஸ்கில்ட் வொர்க்கர் விதிகளில் அப்படி ஒரு வாசகம் இல்லை.

பாதுகாப்புக் கொடுத்த முன்மாதிரியும் உண்டு. ஐ.எல்.ஆருக்கு வருடச் சம்பளம் 35,000 பவுண்டு வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் அமலானபோது, 2011 ஏப்ரல் 6-க்குப் பிறகு அந்த விசா வழிக்குள் வந்தவர்களுக்கு மட்டும் என்று கோடு போட்டார்கள். அதற்கு முன் வந்தவர்கள் தப்பித்தார்கள். அன்று கன்சர்வேடிவ் தலைமையிலான அரசால் முடிந்தது இன்று லேபர் அரசால் முடியாது என்பதற்குக் காரணமே இல்லை. "நிரந்தரமாகத் தங்கும் உரிமையை உழைத்துப் பெற வேண்டும்" என்று அரசு இப்போது பேசுவதும் புதிதல்ல. தொண்டு செய்தால் காத்திருப்புக் காலம் குறையும் என்ற ஏற்பாட்டை 2009-ல் லேபர் அரசே சட்டமாக்கியது. அந்தப் பகுதி அமலுக்கே வரவில்லை. அடுத்து வந்த கூட்டணி அரசு கைவிட்டது.

இப்போது ஏன் இந்த வேகம்? காரணம் எண்ணிக்கை. கோவிடுக்குப் பிறகு விசா வாசலைத் திறந்துவிட்டார்கள். 2023-ஐ ஒட்டி நிகரக் குடிவரவு (வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த எண்ணிக்கை) ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. 2022 முதல் 2024 வரை சுகாதார, பராமரிப்பு விசாவில் மட்டும் குடும்பத்தினரோடு சேர்த்து 6,16,000 பேர் வந்ததாக அரசு சொல்கிறது. அவர்களுக்கு ஐந்து வருடம் முடியும் காலம் 2027-ல் தொடங்குகிறது. விதியை மாற்றாவிட்டால் 2026 முதல் 2030 வரை 16 லட்சம் பேர் நிரந்தரக் குடியிருப்புப் பெறுவார்கள், 2028-ல் மட்டும் 4,50,000 பேர் என்பது அரசின் கணிப்பு. அரசின் கவலை புதிதாக வருபவர்களைப் பற்றியதல்ல. 2025 ஜூன் வரையான ஓராண்டில் நிகரக் குடிவரவு சுமார் 2,04,000-க்கு இறங்கிவிட்டது. பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதையும் 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் தகுதி பெறப்போவதுதான் கவலை. அதனால்தான் பழையவர்களுக்குப் பாதுகாப்புத் தர அரசு இவ்வளவு தயங்குகிறது.

கட்சிகளின் போட்டி வேறு. 2025 பிப்ரவரியில் கன்சர்வேடிவ் கட்சி முதலில் பத்து வருடம் என்றது. மே மாத வெள்ளை அறிக்கையில் லேபர் அரசும் அதையே சொன்னது. செப்டம்பர் 22-ல் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி ஐ.எல்.ஆரையே ஒழிப்போம், வாங்கியவர்களும் புதுப்பிக்கும் விசாவுக்கு மாற வேண்டும் என்றது. அதனால் 234 பில்லியன் பவுண்டு மிச்சம் என்று காட்டிய கணக்கை, அதைத் தயாரித்த ஆய்வு மையமே இனிப் பயன்படுத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தது. பிரதமர் ஸ்டார்மர் அந்தத் திட்டத்தை இனவாதம் என்றார். இரண்டு மாதம் கழித்து அவருடைய அரசே மேலே சொன்ன ஆவணத்தை வெளியிட்டது.

ஆவணத்தின் கணக்கு இப்படி. எல்லோருக்கும் அடிப்படை பத்து வருடம். பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான வேலையில் இருப்பவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் பராமரிப்புப் பணியாளர்களுக்கு, பதினைந்து. வருடம் 50,270 பவுண்டுக்கு மேல் மூன்று வருடம் சம்பாதித்தால் ஐந்து வருடம் குறையும்; 1,25,140-க்கு மேல் என்றால் ஏழு குறையும். குறிப்பிட்ட பொதுச் சேவைப் பணிகளில் ஐந்து வருடம் இருந்தால் ஐந்து குறையும். சி1 ஆங்கிலத் தேர்ச்சிக்கு (மொழித் தேர்ச்சி நிலைகள் பி1, பி2, சி1 என ஏறும்) ஒரு வருடம், சமூகத் தொண்டுக்கு மூன்று முதல் ஐந்து. அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் ஐந்து வருடம் கூடும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் பத்து கூடும். சட்டவிரோதமாக நுழைந்தவர்களுக்கு இருபது வரை கூடும். பிரிட்டிஷ் குடிமக்களின் துணைவர்களுக்கும் ஹாங்காங்கிலிருந்து பி.என்.ஓ. என்ற சிறப்பு விசாவில் வந்தவர்களுக்கும் ஐந்து வருடம் அப்படியே இருக்கும். சலுகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்ட முடியாது. பெரியது எதுவோ அதுதான். இவை தவிர பி2 ஆங்கிலம், குற்றப் பதிவின்மை, அரசுக்குக் கடன் பாக்கியின்மை, மூன்று முதல் ஐந்து வருடம் 12,570 பவுண்டுக்கு மேல் வருமானம் ஆகியவை கட்டாயம்.

அந்த மூன்று தொகைகளையும் கவனியுங்கள். மூன்றுமே வருமான வரியின் படிகள்: வரி தொடங்கும் இடம், 40 சதவீதம் தொடங்கும் இடம், 45 சதவீதம் தொடங்கும் இடம். பங்களிப்பு என்றால் சம்பளம் என்று ஆகிவிட்டது. முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவுப் பணி பார்க்கும் ஒருவரின் பங்களிப்பை இந்த அளவுகோல் பிடிக்காது. கோவிடுக்குப் பின் ஆள் கிடைக்காமல் தவித்தபோது அவர்களை அழைத்ததும் இதே நாடுதான்.

உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அடி எங்கே விழும் என்று பார்ப்போம். முதலில் மனைவி. இன்றைய விதியில் அவருக்குத் தனி வருமானம் தேவையில்லை; உங்களைச் சார்ந்தவராக (டிபெண்டன்ட்) ஐந்து வருடம் இருந்தால் போதும். புதிய முன்மொழிவில் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பிடப்படுவார்கள். உங்கள் சம்பளத்துக்கு ஐந்து வருடம் குறைந்தாலும் அவருக்குக் குறையாது. பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்தால் 12,570 பவுண்டு வருமான நிபந்தனையும் இடிக்கும். அவர் வேலைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், பகுதி நேரமாக இருந்தாலும், இப்போதே தொடங்கி ஊதியச் சீட்டோடு பதிவாவது நல்லது.

அடுத்து பிள்ளைகள். பதினொரு வயதில் வந்த பிள்ளைக்குப் பழைய கணக்கில் பதினாறு வயதில் ஐ.எல்.ஆர். கிடைத்துவிடும். பத்து வருடம் என்றால் இருபத்தொன்று. இடையில் பதினெட்டில் பல்கலைக்கழகம். இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணம் 2025-26-ல் 9,535 பவுண்டு. அதற்கும் கல்விக் கடனுக்கும் நிரந்தரக் குடியிருப்பு வேண்டும், அல்லது பதினெட்டு வயதானவர் தன் வயதில் பாதியாவது பிரிட்டனில் கழித்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளை இருந்தது ஏழு வருடம். பாதி என்பது ஒன்பது. அதனால் பல மடங்கான வெளிநாட்டு மாணவர் கட்டணம், கடனும் கிடையாது. இந்த ஒரு கணக்குக்காகவே பல குடும்பங்கள் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

பிரிட்டனிலேயே பிறந்த பிள்ளை என்றால் இரண்டு வழி உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர். கிடைத்த உடனே குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். அல்லது முதல் பத்து வருடத்தில் ஒவ்வொரு வருடமும் 90 நாளுக்கு மேல் வெளிநாடு போகாமல் இருந்தால், பத்து வயது முடிந்ததும் பெற்றோரின் விசா எதுவானாலும் பதிவு செய்யலாம். இது 1981 குடியுரிமைச் சட்டத்தில் இருப்பது. விதிப் புத்தகத்தை மாற்றினால் மாறாது. கோடை விடுமுறைக்குப் பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் நான்கு மாதம் விடுபவர்கள் இந்த 90 நாளை நினைவில் வையுங்கள்.

இந்தியக் குடிமக்களுக்கு இன்னொரு சிக்கல். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டைக்குப் போக வேண்டும். அதனால் இருபது வருடமாக ஐ.எல்.ஆரிலேயே இருப்பவர்கள் உண்டு. உதவித்தொகை உரிமையை ஐ.எல்.ஆரிலிருந்து எடுத்துக் குடியுரிமையோடு சேர்க்கலாம் என்றும் ஆவணம் சொல்கிறது. இலங்கையர்கள் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாம் என்பதால், குடியுரிமை எடுப்பதில் அவர்களுக்கு இந்தத் தயக்கம் குறைவு.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். மருத்துவக் கட்டணம் பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை: வருடம் 3,622. ஐந்து வருடம் கூடினால் 18,110 பவுண்டு. சுகாதார, பராமரிப்பு விசாவில் இருப்பவர்களுக்கு இது இல்லை. மற்றவர்கள் சம்பளத்தில் தேசியக் காப்பீடும் கட்டி இதையும் கட்டுகிறார்கள். விசா புதுப்பிக்கும் கட்டணம் தனி. ஐ.எல்.ஆர். கட்டணம் 2025 ஏப்ரலில் ஆளுக்கு 3,029 பவுண்டு ஆனது. முதலாளி பக்கமும் செலவு உண்டு: பெரிய நிறுவனத்துக்கு 2025 டிசம்பர் 16 முதல் ஒரு பணியாளருக்கு வருடம் 1,320 பவுண்டு திறன் வரி. அதை உங்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை; கேட்டால் கொடுக்காதீர்கள், கேட்டதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் ஸ்பான்சரின் தயவில் இருப்பதால் வரும் பெரிய ஆபத்தும் இங்கேதான். ஸ்பான்சரின் உரிமம் ரத்தானால் வழக்கமாக 60 நாள் அவகாசம். அதற்குள் புதிய ஸ்பான்சரோடு விண்ணப்பித்தால்தான் சேர்த்து வைத்த வருடங்கள் உடையாமல் இருக்கும்.

இனி செய்ய வேண்டியவை. முதல் வேலை, உங்கள் தகுதி நாளை, அதாவது ஐந்து வருடம் முடியும் நாளை, சரியாகக் கண்டுபிடிப்பது. பலர் விமானத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். விசா வழங்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணலாம். இறங்கும் வரையான நாட்கள் வெளிநாட்டில் இருந்த நாட்களாகக் கணக்கில் சேரும், அவ்வளவுதான். சிலருக்கு இதில் இரண்டு மாதம் முன்னால் வரும். விதி எந்த நாளில் மாறும் என்று காத்திருக்கும் நேரத்தில் இரண்டு மாதம் பெரிய விஷயம். தகுதி நாளுக்கு 28 நாள் முன்பு விண்ணப்பிக்கலாம். 29-வது நாளில் போட்டால் மறுப்பு வரலாம், கட்டணமும் போகும். மனைவி ஆறு மாதம் தள்ளி வந்திருந்தால் அவருடைய ஐந்து வருடமும் ஆறு மாதம் தள்ளியே முடியும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இருவருக்கும் கிடைக்கும்போதுதான் கிடைக்கும்.

வெளிநாட்டு நாட்கள்: எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எண்ணித் தப்புச் செய்பவர்கள் அதிகம். ஜூலை முதல் ஜூன் வரை எடுத்துப் பார்த்தால் தாண்டியிருக்கும். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் சேராது. டிசம்பர் 3-ல் கிளம்பி ஜனவரி 14-ல் திரும்பினால், டிசம்பர் 4 முதல் 31 வரை 28, ஜனவரியில் 13, மொத்தம் 41. ஒவ்வொரு பயணத்தையும் இப்படி ஒரு தாளில் எழுதி, சென்னை விமான நிலைய முத்திரையோடு ஒப்பிட்டு வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

விண்ணப்பம் போட்டபின் முடிவு வரும் வரை ஊருக்குப் போகாதீர்கள். பிரிட்டன், அயர்லாந்துப் பொதுப் பயணப் பகுதியைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். "விதி மாறுவதற்கு முன் போட்டுவிட்டால் போதும்" என்பதும் முழுக்க உண்மை இல்லை. 2009-ல் ஒடெலோலா வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, மாற்று ஏற்பாடு சொல்லப்படாவிட்டால் முடிவெடுக்கும் நாளில் உள்ள விதியே பொருந்தும் என்றது. வழக்கமாக விதி மாற்ற அறிக்கையில் "இந்தத் தேதிக்கு முன் போட்ட விண்ணப்பங்களுக்குப் பழைய விதி" என்று ஒரு வரி இருக்கும். அறிக்கை வந்ததும் முதலில் தேட வேண்டிய வரி அது.

சம்பளமும் பாருங்கள். 2025 ஜூலை முதல் பொது வரம்பு 41,700 பவுண்டு. 2024 ஏப்ரல் 4-க்கு முன்பே இந்த வழிக்குள் வந்த உங்களுக்கு 31,300 அல்லது உங்கள் பணிக்கான ஊதிய அளவு, எது அதிகமோ அது. வரித்துறையில் காட்டிய வருமானமும் விசாவுக்குக் காட்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தவில்லை என்று சொல்லியே முன்பு ஏராளமானவர்களை மறுத்தார்கள். விளக்கம் கேட்காமல் நேர்மையற்றவர் என்று முத்திரை குத்தக் கூடாது என்று 2019-ல் பாலாஜிகரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நிலைமை சற்று மாறியது.

உதவித்தொகை விஷயத்தில் வதந்தி அதிகம். என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) சிகிச்சை, அரசுப் பள்ளி, மகப்பேறு ஊதியம், நோய்க்கால ஊதியம் ஆகியவை விசா நிபந்தனை தடுக்கும் 'பொது நிதி'யில் சேரவே சேராது. பயந்து மகப்பேறு ஊதியத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சைல்டு பெனிஃபிட்டும் (பிள்ளைகளுக்கான உதவித்தொகை) யூனிவர்சல் கிரெடிட்டும் (குறைந்த வருமானக்காரர்களுக்கான உதவித்தொகை) சேரும். தெரியாமல் சைல்டு பெனிஃபிட்டுக்குப் படிவம் போட்டிருந்தால் உடனே நிறுத்தி, பணம் வந்திருந்தால் திருப்பிக் கட்டி, கடிதங்களை வைத்துக்கொண்டு ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஐ.எல்.ஆருக்குத் தேவைப்படும் லைஃப் இன் தி யுகே (பிரிட்டன் பற்றிய பொது அறிவு) தேர்வை இப்போதே முடித்துவிடுங்கள்: 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக வேண்டும், 50 பவுண்டு. தேர்ச்சி காலாவதி ஆகாது. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தால் பி1-ஓடு நிற்காமல் பி2 எழுதுங்கள். இரண்டு விதிக்கும் அது பொருந்தும்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. குடிவரவு விதிகளை மாற்ற முழுச் சட்டம் தேவையில்லை. அமைச்சர் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும், 40 நாளுக்குள் ஏதாவது ஒரு சபை நிராகரித்தால்தான் அவர் அதை மாற்றியாக வேண்டும். ஆகவே உங்கள் தொகுதி எம்.பி.க்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஐந்து வருட விதியைக் காக்கக் கோரிய மனுக்கள் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்ததும் மக்கள் கையெழுத்துப் போட்டதால்தான். எம்.பி.யிடம் போகும்போது வாக்காளராகவே போகலாம்: இந்தியா, இலங்கை உட்பட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் எந்தச் செல்லுபடியாகும் விசாவில் இருந்தாலும் பிரிட்டனின் பொதுத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். ஐ.எல்.ஆர். தேவையில்லை. தேசியக் காப்பீட்டு எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் பதிவு செய்யச் சில நிமிடம் போதும். வாக்குச்சாவடியில் உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டே அடையாள ஆவணம். நீங்களும் உங்கள் மனைவியும் இந்த வாரமே பதிவு செய்துவிட்டு, எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் உங்கள் முகவரி, விசா வழங்கப்பட்ட தேதி, இதுவரை கட்டிய கட்டணத்தின் மொத்தம், பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்ற நான்கையும் மறக்காமல் எழுதுங்கள்.